பழைய ராக், பாப் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்த குரல் எது? அதை மேடையில் எப்படி எடுப்பது?

ஹட்டன்_பேஸ்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறோம். புல்வெளியில் திறந்த மேடை, இரவு ஏழரைக்குத் தொடக்கம். கிட்டார், பேஸ், கீபோர்ட், டிரம்ஸ். பாடுவது இரண்டு பேர். ஆண் குரல் ஏ2-இல் இருந்து ஜி4 வரை நெஞ்சுக்குரலில் போகும், அதற்கு மேலே கள்ளக்குரல்தான் (ஃபால்செட்டோ). பெண் குரல் எஃப்3 முதல் சி5 வரை. நடு சி-யை சி4 என்று வைத்துச் சொல்கிறேன், எண் ஸ்தாயியைக் குறிக்கும்.

ஜிம் ரீவ்ஸ், பொனி எம், ஈகிள்ஸ் எல்லாம் வழக்கம்போல் கேட்பார்கள், அது இருக்கட்டும். அதற்கு மேலே, குரலுக்காகவே நிற்கிற ஆறேழு பாட்டு வேண்டும். உங்களுக்குப் பிடித்தது எது, அதில் பாடுகிறவர் என்ன செய்கிறார், எங்களைப் போன்றவர்கள் எடுத்தால் எந்த இடத்தில் மாட்டுவோம் என்று சொல்லுங்கள். "எல்லாமே சூப்பர் மச்சான்" என்கிற பதில் வேண்டாம், அது வாட்ஸ்அப் குழுவிலேயே நிறையக் கிடைக்கிறது.

கேசட்_காலம்

தம்பி, என் வரிசையில் முதலாவது பீட்டில்ஸின் "ட்விஸ்ட் அண்ட் ஷவுட்". 1963 பெப்ரவரி 11, லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோ. ஒரே நாளில் முதல் ஆல்பத்துக்கான பாட்டுகளை அடுக்கடுக்காகப் பதிவு செய்தார்கள். ஜோன் லெனனுக்குச் சளி. இந்தப் பாட்டு தொண்டையைக் கிழித்துவிடும் என்று தெரிந்ததால் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள். தொண்டை மிட்டாயும் பாலும் குடித்துவிட்டு ஒரே மூச்சில் பாடினார். நாம் கேட்பது அந்த முதல் டேக்தான். இரண்டாவது தடவை முயன்றபோது குரலே வரவில்லை.

இதில் உங்களுக்கான விஷயம் பாட்டை வைக்கிற இடம். கரகரப்பு வேண்டிய பாட்டை நிகழ்ச்சியின் கடைசி பத்து நிமிடத்துக்குள் வையுங்கள். இதை மூன்றாவதாகப் பாடிவிட்டு எட்டாவதாக மென்மையான பாட்டு ஒன்றை எடுத்தால் சுருதி கீழே தொங்கும். வீங்கின குரல்நாண் மெல்லிய சத்தத்துக்கு ஒழுங்காக மூடாது, காற்றுத்தான் வரும்.

அடுத்தது பீட்டில்ஸின் "ஓ டார்லிங்", 1969. போல் மகார்ட்னி ஒரு வாரம் மற்றவர்களுக்கு முன்னால் ஸ்டூடியோவுக்கு வந்து, நாளுக்கு ஒரு தடவை மட்டும் பாடிப் பார்த்தார். கரகரப்பு வேண்டும், ஆனால் குரல் செத்துப் போகவும் கூடாது என்பதுதான் கணக்கு. இங்கே ஒத்திகையில் நடப்பது நேர் எதிர். ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் பத்துத் தடவை பாடுகிறார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குரல் இல்லை. ஒத்திகையில் இப்படிப்பட்ட பாட்டைப் பாதிச் சத்தத்தில் ஓட்டுங்கள், முழு வேகத்தில் ஒரே தடவை போதும்.

மூன்றாவது, ரோலிங் ஸ்டோன்ஸின் "கிம்மி ஷெல்ட்டர்", 1969. மிக் ஜாகர் நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் அந்தப் பாட்டு மெர்ரி க்ளேய்ட்டனுடையது. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து கூப்பிட்டு வரவழைத்தார்கள், அவர் அப்போது கர்ப்பிணி. மூன்றாவது நிமிடத்தை ஒட்டி அவருடைய குரல் மேலே போய் உடையும். காதைக் கிட்ட வைத்தால் பின்னால் ஜாகர் வியந்து கத்துவதும் மெல்லக் கேட்கும். உடைந்ததை எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே வைத்தார்கள், அதுதான் நல்ல காது.

ஆனால் அந்த உடைவை மேடையில் நடிக்காதீர்கள். தானாக உடைவது வேறு, தொண்டையை நெரித்து உடைப்பது வேறு. இரண்டாவது வகை அடுத்த பாட்டில் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் ஆண் குரலுக்கு உடனே பொருந்துவது அனிமல்ஸின் "ஹவுஸ் ஒஃப் த ரைசிங் சன்", 1964, ஏ மைனர், ஒரே டேக். எரிக் பேர்டன் முதல் பத்தியைக் கீழ் ஸ்தாயியில் பேசுவதுபோல் தொடங்கி, பின்னால் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்குவார். மெட்டு ஏறத்தாழ ஒரே ஸ்தாயிதான். கீழே ஏ2 தொடங்கும், மேலே ஏ4-ஐத் தொடும். உங்களுக்கு ஜி4 தான் எல்லை என்றால் ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும், ஆனால் அப்போது அடி ஜி2 ஆகிவிடும். முதல் பத்தியின் அடிச் சுரத்தை மெல்லிய சத்தத்தில், கிட்டத்தட்டப் பேச்சாகவே விடுங்கள். கிட்டார்காரர் ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி மீட்டினால் விரல் அதே இடத்தில்தான். அதற்கென்று தனியாக இன்னொரு கிட்டாரை மீட்டி வைத்துவிடுங்கள், மேடையில் நின்று திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதுளை_ஆல்டோ

ஆண்கள் எல்லோரும் கத்துகிற பாட்டைத்தான் முதலில் சொல்வார்கள் என்று தெரியும். எனக்குப் பிடித்தது கேரன் கார்பென்டர், 1971-இல் வந்த "சூப்பர்ஸ்டார்". அவருடைய குரல் நடு சி-க்குக் கீழேதான் அழகு. பத்தி முழுக்க அங்கேயே தங்கியிருப்பார், கொஞ்சம்கூட அழுத்தம் இல்லை. ஒரு காகிதக் கைதுடைப்பில் எழுதியிருந்த வரிகளைப் பார்த்து முதல் தடவை பாடியதுதான் பதிவில் நின்றது.

கவனிக்க வேண்டியது வரி முடிகிற இடம். சுரத்தை முதலில் நேராக நிறுத்துவார், அசைவு கடைசிப் பங்கில்தான் வரும். இங்கே கர்நாடக சங்கீதமோ கோயில் பஜனையோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் நொடியிலேயே சுரத்தை ஆட்டுவார்கள், அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார்கள். நம் பாட்டில் அது அலங்காரம், இதில் பாட்டையே கெடுத்துவிடும். பழக்குவதற்கு ஒரு வழி: ஃபோனில் டியூனரைப் போட்டு, வரியின் கடைசிச் சொல்லை நாலு எண்ணும்வரை முள் அசையாமல் பிடியுங்கள், ஐந்தாவது எண்ணில் மட்டும் அசைவை விடுங்கள்.

எஃப்3 வரை இறங்குகிற பெண் குரல் இருந்தால் அது பொக்கிஷம், விட்டுவிடாதீர்கள். மேலே போக முடியவில்லையே என்று கீயை ஏற்றி ஏற்றிப் பாட வைக்கிறதுதான் நம் பக்கத்துப் பழக்கம்.

ஆபாவின் "த வின்னர் டேக்ஸ் இட் ஓல்", 1980. அக்னெதா பாடுவது. மெட்டு என்று பார்த்தால் இரண்டு துண்டுதான், திரும்பத் திரும்ப வரும். பாட்டு வளர்வது குரலின் அழுத்தத்தில் மட்டும். முதல் பத்தியை நூற்றுக்கு நாற்பது சத்தத்தில் தொடங்காவிட்டால் கடைசிக்கு ஏற இடமே இருக்காது. மூலம் ஜி பிளாட், அதாவது நம் சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டை. அரைச் சுரம் இறக்கி நாலு கட்டையில் எடுத்தால் கீபோர்ட்காரருக்கும் விரல் லேசாகும்.

விட்னி ஹூஸ்டனின் "ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ" (1992) கேட்பவர்கள் இருப்பார்கள். எடுக்காதீர்கள். முதல் முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட வாத்தியமே இல்லாமல் தனிக்குரல். பிறகு கடைசியில் ஒரு மௌனம், ஒரு டிரம் அடி, ஏ-யிலிருந்து பி-க்குக் கீ மாறும். தனியாகப் பாடும்போது சுருதி கால் சுரம் இறங்கியிருந்தால் வாத்தியம் உள்ளே வரும் நொடியில் புல்வெளி முழுக்கத் தெரிந்துவிடும். கீ இறக்கலாமே என்றால் தொடக்கம் ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கிறது, இறக்கினால் சத்தமே வராது. ஆசைப்பட்டால் டோலி பார்ட்டன் 1974-இல் வெளியிட்ட மூலத்தை எடுங்கள். அவரே எழுதிய பாட்டு, அமைதியான கட்டுமானம், அதிலும் குரல் இருக்கிறது.

ஹட்டன்_பேஸ்

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கிட்டார்காரர் குவீனின் "போஹிமியன் ராப்சடி" வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பாடுகிற தம்பிக்கு ஆ-ஹாவின் "டேக் ஒன் மீ". இரண்டையும் மூன்று அரைச் சுரம் இறக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

கேசட்_காலம்

முதலாவதுக்குச் சரி, இரண்டாவதுக்குச் சரியில்லை. கீ இறக்குவதற்கு முன்னால் பாட்டின் உச்சியை மட்டும் பார்க்கக்கூடாது, அடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"டேக் ஒன் மீ" (1985) கோரஸ் ஏ2-இல் தொடங்கி ஈ5-இல் முடியும், கிட்டத்தட்ட இரண்டரை ஸ்தாயி. ஆ-ஹாவின் பாடகர் மோர்ட்டன் ஹார்க்கெட் கீழே நெஞ்சில் ஆரம்பித்துப் படி ஏறி, கடைசி வரியில் சுத்தமான கள்ளக்குரலுக்குப் போவார். உங்கள் தம்பியின் அடி எல்லையே ஏ2. மூன்று அரைச் சுரம் இறக்கினால் அது எஃப் ஷார்ப்2, அங்கே காற்று மட்டும்தான் வரும். ஆகவே மூலக் கீயிலேயே, ஆறு கட்டையில் வையுங்கள். உச்சியை எப்படியும் கள்ளக்குரலில்தான் பாடப் போகிறார், அது ஜி4-இல் முட்டாது. மாட்டுவது குரல் மாறும் சந்திதான். அந்த இடத்தில் பயந்து சத்தத்தைக் கூட்டினால் குரல் ஏறாமல் பிளந்துவிடும். மாறுவதற்கு முந்தின சொல்லில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். "ஊ" என்று ஈ4-இலிருந்து சி5 வரை சைரன் மாதிரி மேலும் கீழுமாக, மெல்லிய சத்தத்தில், தினம் ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு வாரத்தில் சந்தி மழுங்கிவிடும்.

"போஹிமியன் ராப்சடி" (1975) மெதுப் பகுதி பி பிளாட், ஆறரைக் கட்டை. குவீனின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் குரல் பி பிளாட்4-ஐத் தொடும். மூன்று அரைச் சுரம் இறக்கி ஜி-யில், ஐந்து கட்டையில் எடுத்தால் அது உங்கள் ஜி4. கச்சிதம். ராக் பகுதி ஈ பிளாட்டிலிருந்து சி-க்கு வரும், கிட்டார்காரர் சந்தோஷப்படுவார்.

ஒபரா பகுதியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது 24 தட டேப்பில் ஃபிரெடி, பிரையன் மே, ரொஜர் டெய்லர் மூன்று பேரும் அடுக்கி அடுக்கி, ஏறத்தாழ மூன்று வாரம் பாடிச் சேர்த்தது. அதன் முடிவில் வருகிற அந்த உச்சக் கீச்சல் டெய்லருடையது, பி பிளாட்5. குவீன்காரர்களே மேடையில் அதைப் பாடவில்லை. விளக்கை அணைத்து, டேப்பை ஓடவிட்டு, ராக் பகுதிக்குத்தான் திரும்ப வருவார்கள். அவர்களால் ஆகாததை நாலு பேர் கொண்ட நம் செட் ஏன் இழுக்க வேண்டும்? மெதுப் பகுதி, கிட்டார் சோலோ, அங்கிருந்து நேரே ராக் பகுதி, முடிவு. கீபோர்டில் இரண்டு கோர்ட் போட்டு ஒட்டிவிடலாம்.

பதுளை_ஆல்டோ

ஒட்டலாம்தான், ஆனால் கூட்டம் காத்திருப்பதே அந்த ஒபராவுக்கு. அதை எடுத்துவிட்டால் கேட்பவர்களே தாங்களாகப் பாடத் தொடங்கிவிடுவார்கள், செட் வேறு இடத்தில் நிற்கும். அதைவிட அதே குவீனின் "சம்படி டு லவ்" (1976) நல்லது. ஏ பிளாட், கோயில் பாடகர்குழுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த கோஸ்பல் (தேவாலயப் பாட்டு) அமைப்பு உடனே பிடிபடும். நடுவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து வளரும் இடத்தில் பேஸ்காரரும் டிரம்ஸ்காரரும்கூடச் சேரலாம். மூன்று குரல் போதும்.

கேசட்_காலம்

ஒத்துக்கொள்ளவில்லை அக்கா. நாலு பேரும் ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தால்தான் அது நிற்கும். சுருதி சேராத கோரஸைவிட வெட்டின ராப்சடி மேல்.

தகரக்கூரை

பாட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சத்தத்தையும் குளிரையும் பற்றிச் சொல்கிறேன், பாதிக் குரல் போவது அங்கேதான்.

நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஹட்டன்காரர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கொழும்பிலிருந்து டிரம்ஸ்காரரையோ கோரஸ்காரரையோ கூட்டி வந்தால் முந்தின நாளே வந்துவிடச் சொல்லுங்கள், நீளமான வரியில் மூச்சு வாங்கும்.

பில் விதர்ஸின் "லவ்லி டே" (1977) எடுக்க ஆசையென்றால் இதை மனதில் வையுங்கள். கடைசியில் ஒரே சுரத்தை 18 நொடி பிடிப்பார். அவ்வளவு தேவையில்லை, 10 நொடி பிடித்தாலே கை தட்டுவார்கள். பழகுவதற்கு "ஸ்ஸ்" என்று காற்றை ஒரே அளவில் விட்டு நேரம் பாருங்கள். முதல் இரண்டு நொடியில் காற்றைக் கொட்டிவிடுவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. விலா விரிந்தபடியே இருக்க வேண்டும், வயிறுதான் மெல்ல உள்ளே போக வேண்டும்.

இரவுக் குளிரில் கிட்டார்க் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூடு பட்டால் இறங்கும். கீபோர்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது பாடகர்தான், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுவார். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடையிலேயே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு மீட்டுங்கள். மூன்று பாட்டுக்கு ஒரு தடவை பாருங்கள்.

குரலைச் சூடாக்குவது காரைவிட்டு இறங்கின பிறகு, ஓர் அறைக்குள், இருபது நிமிடம். உதட்டைப் படபடக்க விட்டுச் சுரம் ஏறி இறங்குவது, வாய் மூடி முனகுவது. சாதாரண ஸ்ட்ரோவைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தி அதற்குள் பாடுவதும் நல்லது, தொண்டைக்கு அழுத்தம் இல்லாமல் குரல்நாண் இளகும். முறை வரும்வரை கழுத்தில் சால்வை, மூச்சு மூக்கால். கொத்தமல்லித் தண்ணி, வெதுவெதுப்பான தண்ணீர் சரி. மெந்தோல் மிட்டாய் வேண்டாம், வலியை மறைக்கும், வலிப்பது தெரியாமல் இன்னும் கத்துவீர்கள். குளிருக்கென்று ஒரு மூடி சாராயம் ஊற்றிக் கொடுக்கிற நண்பர்களிடமிருந்து பாடகரைத் தள்ளி வையுங்கள். ஃபிரெடி மெர்க்குரி வொட்கா குடித்துவிட்டு "த ஷோ மஸ்ட் கோ ஒன்" பாடின கதையைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர் ஸ்டூடியோவில் ஒரு பாட்டுப் பாடினார், நீங்கள் ஒன்றரை மணி நேரம் பாட வேண்டும்.

மைக். கார்பென்டர், ஜிம் ரீவ்ஸ் வகைக் குரலுக்கு வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். ரீவ்ஸ் 1957-இல் "ஃபோர் வோல்ஸ்" பாடினபோது உதடு மைக்கில் படுகிற அளவுக்குக் கிட்ட நின்று, சத்தத்தைத் தணித்துப் பாடினார். அந்த வெல்வெட் குரல் பாதி அந்தத் தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்க மைக்கில் (முன்பக்கச் சத்தத்தை மட்டும் பிடிப்பது) கிட்டப் போனால் அடிச்சத்தம் தானாகக் கனக்கும். பலமான இடம் வந்தால் ஒரு சாண் தள்ளுங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் "ப", "ப்" எல்லாம் குண்டு வெடிப்பதுபோல் வராது. மிக்ஸரில் 80-இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், புல்வெளியில் அடிக்கிற காற்றின் உறுமல் அதோடு போகும். பஞ்சு உறையும் போடுங்கள்.

மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பொத்தினால் ஒரு பக்க மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி, மொனிட்டர் (பாடகரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர்) கூவும். மொனிட்டர் மைக்கின் வாலுக்கு நேர் எதிரே இருக்கட்டும். "டேக் ஒன் மீ"-க்கு மட்டும் பலமான சத்தத்தை அமுக்குகிற கம்ப்ரஸரை மூன்றுக்கு ஒன்று என்று போட்டு, உச்சத்தில் நாலைந்து டெசிபல் குறைகிற மாதிரி வையுங்கள். அந்த ஏ2 கேட்கவும் வேண்டும், ஈ5 காதைக் குத்தவும் கூடாது.

ஜெனரேட்டர் என்றால் மைக் வயரையும் கரண்ட் வயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்துதான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்திலேயே ஓடினால் குரலுக்கு அடியில் "ங்ங்" என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹட்டன்_பேஸ்

இவ்வளவும் போதும் அண்ணே. ஒரு கடைசிக் கேள்வி. "ஹோட்டல் கலிபோர்னியா" தம்பிக்கு மேலே இழுக்கிறது. கபோவை (கிட்டார்க் கழுத்தில் கம்பிகளை அழுத்த மாட்டுகிற கிளிப்) எங்கே வைப்பது?

கேசட்_காலம்

மூலம் பி மைனர். ஏழாவது கட்டத்தில் கபோ போட்டு ஈ மைனர் விரல் பிடிப்பார்கள். ஐந்தாவதுக்கு இறக்கினால் ஏ மைனர், விரல் மாறாது. அதற்குக் கீழே போகாதீர்கள், முன்னிசையின் அந்த மினுக்கம் போய்விடும். கடைசி இரட்டை கிட்டார் சோலோவைப் பழைய கீயில் மனப்பாடம் செய்தவர் மேடையில் இரண்டு கட்டம் தள்ளி வாசிப்பார், அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.